இருமல் நின்றுவிட்டதா? இப்போதுதான் கிளம்ப வேண்டும்

கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பெங்களூரு பசவனகுடிக்குப் போனால், புல் டெம்பிள் சாலையின் இருபுறமும் வேர்க்கடலை குவியல் குவியலாகக் கிடக்கும். கடலெக்காய் பரிஷே. பயிரைத் தின்று தீர்த்த காளையைச் சமாதானப்படுத்த, முதல் விளைச்சலை அதற்குப் படைக்கத் தொடங்கிய வழக்கம் என்று தொட்ட பசவண்ணன் கோயிலின் கதை சொல்கிறது. கோலார், சிந்தாமணி, மாகடி விவசாயிகளோடு கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும். பச்சைக்காய், வறுத்தது, உப்புப் போட்டு வேகவைத்தது என்று படிபடியாக அளந்து வாங்கிக்கொண்டு கூட்டம் நகரும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கையிலும் நாலு பருப்பைத் திணித்துவிடுவோம்.

இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து டாக்டர்கள் வெளியே எடுக்கும் பொருள்களில் முதலிடம் அந்தப் பருப்புக்குத்தான். சிக்குவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். அந்த வயதில் முன்பற்கள் வந்திருக்கும். அரைக்க வேண்டிய கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. பருப்பைக் கடித்து இரண்டாக உடைக்கத் தெரியும், மென்று கூழாக்கத் தெரியாது. வாயில் பாதிப் பருப்பு இருக்கும்போது சிரித்தாலோ, ஓடினாலோ, அழுதுகொண்டே மூச்சை இழுத்தாலோ, அது குரல்வளையைத் தாண்டி உள்ளே போய்விடும்.

அதன் பிறகு நடப்பதைத்தான் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பயங்கரமான இருமல். முகம் சிவக்கும், சில நேரம் நீலம் பாயும். வீட்டில் உள்ளவர்கள் பதறி, தலையில் தட்டி, முதுகில் தட்டி, “புரையேறிடுச்சு, யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் அடங்கிவிடும். குழந்தை பழையபடி விளையாடத் தொடங்கும். எல்லோரும் மூச்சுவிடுவார்கள்.

உண்மையில் பருப்பு வெளியே வந்திருக்காது. மேலே இருந்த ஒன்று கீழே இறங்கி, நுரையீரலின் கிளைக்குழாய் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டது. பெரும்பாலும் வலது பக்கம். அந்தக் குழாய் கொஞ்சம் அகலமானது, நேராக இறங்குவது. அங்கே உட்கார்ந்த பொருளுக்கு அந்தச் சுவர் கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் இருமலைத் தூண்டுவதை நிறுத்திவிடுகிறது. இந்த அமைதி சில மணி நேரமும் நீடிக்கலாம், சில வாரமும் நீடிக்கலாம். அதற்குள் பருப்பு ஈரத்தை உறிஞ்சி ஊதும். அதன் எண்ணெய் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். பிறகு காய்ச்சல், வீசிங், ஒரு பக்கம் மட்டும் சளி. ஆஸ்துமா என்று நெபுலைசர், நிமோனியா என்று ஆன்டிபயாடிக். மருந்து கொடுத்தால் குறையும், நிறுத்தினால் திரும்பும். அன்றைக்குப் புரையேறியதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். டாக்டரும் கேட்டிருக்க மாட்டார்.

காது, மூக்கு, தொண்டை சம்பந்தப்பட்ட அவசரங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மாரடைப்பு வலிக்கிறது; எலும்பு முறிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. ஈ.என்.டி. அவசரங்கள் பல வேறு விதமானவை. சத்தம் போட்டுவிட்டுச் சற்று நேரத்தில் அடங்கிவிடும், அல்லது வலியே இல்லாமல் தொடங்கும். அடங்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் சிகிச்சை எளிது. நாம் ஓடுவதோ அது மறுபடி சத்தம் போடும்போது.

வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. நாணயமும் ஊசியும் தெரியும். பருப்பு, கேரட் துண்டு, பிளாஸ்டிக் துண்டு எதுவும் தெரியாது. அடைபட்ட பக்கத்தில் காற்று தேங்கி நுரையீரல் உப்பியிருப்பது போன்ற மறைமுகத் தடயங்கள் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆகவே “எக்ஸ்ரே நார்மல், வீட்டுக்குப் போங்க” என்ற சொல்லோடு திரும்பி வந்துவிடக் கூடாது. “கடலை சாப்பிடும்போது திடீர்னு இருமினான், மூச்சுத் திணறினான்” என்ற ஒரு வாக்கியம் எக்ஸ்ரேயைவிடப் பெரிய சாட்சி. அதை நேரத்தோடு, சாப்பிட்ட பொருளின் பெயரோடு சொல்லுங்கள். குழந்தையை அன்றைக்குப் பார்த்துக்கொண்டது பாட்டியோ ஆயாவோ என்றால் அவர்களையும் கூட்டிப்போங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் அவர்கள் மறைத்துவிடுவதுண்டு. அந்த நேரத்தில் திட்டாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

இதற்குத் தீர்வு பிராங்காஸ்கோபி. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, பார்த்துக்கொண்டே இடுக்கியால் எடுப்பது. 1897-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர், ஒரு விவசாயியின் வலது நுரையீரல் குழாயில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை இப்படி எடுத்ததுதான் தொடக்கம். பிறகு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் இந்தக் கலையைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த ஊக்கு, பொத்தான், நாணயம், ஆணி, பொம்மை என 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சேர்த்துவைத்தார். அவை இன்றும் அந்த ஊர் மட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. அவருக்கு முன்பு இப்படிச் சிக்கிக்கொண்ட குழந்தைகளில் பலர் நிமோனியா வந்து இறந்துபோனார்கள். இன்று பயிற்சி பெற்ற குழுவின் கையில் இது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. புதிதாக விழுந்த பருப்பு முழுதாக வரும். மூன்று வாரம் ஊறியது இடுக்கி பட்டதும் பொடியாக உதிரும், சுற்றிலும் வீங்கிய சதையிலிருந்து ரத்தம் கசியும்.

நம் ஊர்களில் இன்னொரு தாமதமும் உண்டு. பிள்ளை சாப்பிடாமல் இருமிக்கொண்டே இருந்தால் “தொக்கம்” எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். வயிற்றை நீவியும் குழல் வைத்து ஊதியும் சிக்கியதை எடுத்துவிட்டதாகக் கையில் எதையோ காட்டுவார்கள். மூச்சுக்குழாய்க்குள் இருப்பதை வயிற்றை நீவி எடுக்க முடியாது. சிக்கிய பொருள் இடம் மாறி முழு அடைப்பாகிவிடும் அபாயம் மட்டும் உண்டு. பாட்டிகளின் அன்பின் மீது எனக்கு மரியாதை இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைத் தடுத்தே ஆக வேண்டும்.

பருப்பு கீழே இறங்காமல் குரல்வளையிலேயே அடைத்துக்கொண்டால் நிமிடக் கணக்குத்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் நேரம் இருக்காது. குழந்தை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போகிறது என்று அர்த்தம். தொந்தரவு செய்யாமல் இருமவிடுங்கள். சத்தம் வரவில்லை, இரும முடியவில்லை என்றால் உடனே இறங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்கும்படி பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் மேல் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகில் ஐந்து தட்டு. அதன் பிறகு பின்னால் நின்று இரு கைகளால் கட்டி, தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து இழுப்பு. இந்த இழுப்புதான் 1974-ல் ஹென்ரி ஹைம்லிக் சொன்ன முறை. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது உள்ளே தள்ளிவிடும். நினைவு தப்பினால் இதய அழுத்த முதலுதவி, இன்னொருவர் 108-க்கு போன்.

பருப்பாவது நாள் கணக்கில் காத்திருக்கிறது. பட்டன் பேட்டரி காத்திருக்காது. சாவி ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று எல்லா வீட்டிலும் இருக்கும் பளபளப்பான வட்டம். இவற்றில் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி மிகக் கொடியது. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு அது. பேட்டரி கசிந்து விஷமாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது கசிய வேண்டியதே இல்லை. எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, எதிர்முனை தொடும் இடத்தில் கடும் காரம் உருவாகி, சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான தீக்காயம் உண்டாகலாம். ரிமோட்டை இயக்கச் சக்தியில்லாத “தீர்ந்துபோன” பேட்டரிக்கும் இதைச் செய்யச் சக்தி உண்டு. வெளியே எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போய், சில நாள்கள், ஏன் சில வாரங்கள் கழித்துக்கூட அருகிலுள்ள பெருந்தமனியில் ஓட்டை விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை இப்படி இறந்த பிறகு, அவள் பெயரிலேயே 2022-ல் சட்டம் வந்தது: பேட்டரி அறை குழந்தைகளால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

இதிலும் அதே ஏமாற்று அமைதி. விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால், கொஞ்சம் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தால் வட்டமாகத் தெரியும். “காசுதானே, காலையில் எடுத்துக்கலாம்” என்று யாரேனும் சொல்லக்கூடும். விளிம்பை உற்றுப் பாருங்கள் என்று கேளுங்கள். காசு ஒற்றை வட்டம். பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் ஒரு படி தெரியும். இரட்டை வளையம் என்றால் இரவு இரண்டு மணியானாலும் அப்போதே எடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், எச்சில் விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்பது அமெரிக்க விஷமுறிவு மையத்தின் வழிகாட்டல், ஆறு முறை வரை. தேன் பேட்டரியின் மேல் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. தேன் தேடுவதற்காகக் கிளம்பத் தாமதிக்கவும் கூடாது. வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அவசரம் அதே அவசரம்தான். சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். அங்கே சொட்டு மருந்தோ தண்ணீரோ விட்டால் மின்சாரம் இன்னும் நன்றாகப் பாயும்.

இரண்டு மணி நேரம் என்பது பெங்களூரில் என்ன? டாம்டாம் நிறுவனத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. உலகிலேயே லண்டனுக்கு அடுத்தபடி மந்தமான நகரம். அது சராசரி மட்டும். மாலை ஏழு மணிக்கு சில்க் போர்டு ஜங்ஷனில் நின்றவர்களுக்கு மீதி தெரியும். முதலில் போன இடத்தில் “எங்ககிட்ட வசதி இல்லை, வேற இடம் பாருங்க” என்று சொன்னால் அந்த இரண்டு மணி நேரம் சாலையிலேயே முடிந்துவிடும். எங்கே போவது என்பதை முன்கூட்டித் தெரிந்துவைத்திருப்பது இந்த நகரத்தில் சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காதுக்கு வருவோம். 2024 ஜூனில் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது திடீரென்று எதுவும் கேட்கவில்லை என்று தன் ரசிகர்களுக்குத் தெரிவித்தார். வைரஸ் தாக்குதலால் செவி நரம்பு பாதிக்கப்பட்டதாக டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பொதுவாக இந்த நோய் ஒரு காதில் வரும். ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்றல். வலி கிடையாது. அமெரிக்கக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: மருந்துக் கடையில் அழுக்கு கரைக்கும் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது. சளி என்று ஆவி பிடிப்பது. வாரம் ஓடிவிடும்.

இந்தச் செவிட்டுக்கு உள்ள முக்கிய மருந்து ஸ்டீராய்டு. முதல் சில நாள்களில் தொடங்கினால் பலன் அதிகம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகச் சரியும். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று முனகுங்கள். அடைத்த காதில் அந்த ஒலி பெரிதாகக் கேட்டால் அழுக்கோ சளியோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதின் பக்கம் ஒலி ஒதுங்கினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போய், இசைக்கவைச் சோதனையும் ஆடியோகிராமும் எடுக்க வேண்டும். முனகல் சோதனை டாக்டரைப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. இரண்டு நாள் தள்ளிப்போடும் மனதை அசைக்க அது போதும். முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று கோணிக்கொள்ளும் முகவாதத்துக்கும் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். கூடவே கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது.

காதில் பல வருடமாகச் சீழ் வடிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “சின்ன வயசிலிருந்தே இருக்கு” என்று பஞ்சு வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுகிறார்கள். அந்தக் காதோடு புதிதாகத் தலைவலி, காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கம் இவற்றில் எது சேர்ந்தாலும், சீழ் எலும்பைத் தின்று மூளையின் பக்கம் போயிருக்கலாம். சீழ் வடிவது திடீரென்று நின்று தலைவலி தொடங்குவதும் அதே எச்சரிக்கைதான். சர்க்கரை நோயுள்ள முதியவருக்குக் காது வலி இரவில் தூங்கவிடாமல் குடைந்தால், அது சாதாரணக் காதுவலி என்று விடக் கூடாது. மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவும் தொற்று ஒன்று உண்டு.

சர்க்கரை, மூக்கு, தாமதம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் 2021-ல் பார்த்தது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய மே மாதம். பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு பக்கம் கன்னம் மரத்துப்போகிறது, மூக்கு அடைக்கிறது, கண் வீங்குகிறது என்று திரும்பி வந்தார்கள். மியூகார்மைகோசிஸ். பத்திரிகைகள் வைத்த பெயர் கறுப்புப் பூஞ்சை. சிவாஜிநகரின் பவுரிங் மருத்துவமனையை இதற்கான சிறப்பு சிகிச்சை மையமாகக் கர்நாடக அரசு மாற்றியது. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மாநிலத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு, நாடு முழுக்க 45,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 4,300-க்கும் மேற்பட்ட மரணங்கள்.

அந்தப் பூஞ்சை நம் எல்லோரையும் சுற்றி இருப்பதுதான். மண்ணில், அழுகும் காய்கறியில், ரொட்டியில். ஆரோக்கியமான உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும், கொரோனாவுக்காக அளவில்லாமல் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில் அது ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது. மூக்கிலிருந்து சைனஸ், அங்கிருந்து கண், அங்கிருந்து மூளை. இந்தப் பாதையை அது நாள் கணக்கில் கடந்துவிடும். செத்த சதைக்குள் ரத்தம் போகாததால் மருந்தும் போகாது. வெட்டி எடுத்தே ஆக வேண்டும். ஆம்போடெரிசின் பி என்ற மருந்துக்கு அந்த மாதங்களில் நடந்த தேடலை மறக்க முடியாது. உறவினர்கள் ஊர் ஊராக போன் போட்டார்கள். தட்டுப்பாடு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனது.

அப்போது மூக்குக்குள் இருக்கும்போதே வந்தவர்களுக்கும் கண்ணுக்குப் போன பிறகு வந்தவர்களுக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். முன்னவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியாக மூக்குக்குள்ளேயே அறுவை செய்து செத்த சதையை அகற்ற முடிந்தது. வெளியே தழும்புகூட இல்லை. பின்னவர்களில் பலர் மேல்தாடையை இழந்தார்கள், கண்ணை இழந்தார்கள். அதைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இருவருக்கும் நடுவே இருந்தது பல நேரங்களில் நாலைந்து நாள்தான். மூக்கிலிருந்து ஒரு துளி சதை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரிந்துவிடும். விலை குறைந்த சோதனை, முடிவும் அன்றைக்கே. அதைச் செய்யும் இடம் வரை வந்து சேராமல், “சைனஸ்தான், பல்வலிதான்” என்று வீட்டில் கழிந்த நாள்களே கண்களைப் பறித்தன. எல்லோரையும் குறை சொல்லவும் முடியாது. பல மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகள் கொரோனாவால் சுருங்கியிருந்தன. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கும் தைரியம் இல்லை.

கொரோனா போனது; பூஞ்சை போகவில்லை. சர்க்கரை நோயாளிகள் இந்த அளவுக்கு இருக்கும் நாட்டில் அது எப்போதும் இருந்தது, இனியும் இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுத்த அல்லது ரத்தம் கலந்த சளி, மேல் அண்ணத்தில் கறுப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் மேல்பல், இரட்டையாகத் தெரியும் பார்வை. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும்.

பல்லைச் சொன்னதும் தொண்டை நினைவுக்கு வருகிறது. கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கும். மாத்திரை போட்டால் அடங்கும். அடங்கிய வலியை நம்பி வேலைக்குப் போவோம். ஒரு நாள் தாடைக்குக் கீழே வீங்கி, இரு பக்கமும் பரவி, கட்டையாக இறுகி, நாக்கை மேலே தள்ளும். வாய் திறக்காது, எச்சில் விழுங்க முடியாது, குரல் மாறும். 1836-ல் ஜெர்மானிய டாக்டர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் நோய். இதில் உயிரைப் பறிப்பது சீழைவிட மூச்சுப்பாதை அடைப்புதான். அதனால் டாக்டர்கள் முதலில் மூச்சுக்கு வழி செய்துவிட்டுத்தான் சீழுக்கு வருவார்கள். வாய் வழியாகக் குழாய் விட முடியாவிட்டால் டிரக்கியோஸ்டமி, அதாவது கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைப்பது.

அந்தக் கணத்தில் குடும்பங்கள் கையெழுத்துப் போடத் தயங்குவதுதான் இந்தத் துறையில் மிக வேதனையான தாமதம். “கழுத்துல ஓட்டையா? அப்புறம் பேச்சே வராதே!” இது நியாயமான பயம், ஆனால் தவறான தகவல். அவசரத்துக்குப் போடும் துளை பெரும்பாலும் தற்காலிகம். வீக்கம் வடிந்து குழாயை எடுத்ததும் பெரும்பாலும் சில நாள்களில் தானே மூடிக்கொள்ளும்; பேச்சும் திரும்பிவிடும். 1799 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். குரல்வளை மூடித் தொற்று என்று இன்றைய டாக்டர்கள் பலர் ஊகிக்கிறார்கள். படுக்கையருகே இருந்த மூன்று டாக்டர்களில் இளையவரான எலிஷா டிக், கழுத்தில் துளையிடலாம் என்றார். மூத்தவர்கள் இருவரும் ஒப்பவில்லை. மறுபடி மறுபடி ரத்தத்தை வெளியேற்றினார்கள். அன்று இரவே அவர் இறந்தார். அந்த நாளில் அது துணிச்சலான யோசனை. இன்று அது தினசரி வேலை.

குரல்வளை மூடித் தொற்றுக்குக் குழந்தைகளிடம் முக்கியக் காரணமாக இருந்த ஹிப் கிருமிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய பென்டாவேலன்ட் ஊசியில் அதுவும் அடக்கம், தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் அடக்கம். ஊசி தவறவிட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சலோடு எச்சில் ஒழுக, முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வரும் குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். கரண்டி வைத்துத் தொண்டையைப் பார்க்காதீர்கள். உட்கார்ந்த நிலையிலேயே மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

மூக்கில் ரத்தம் வருவது பெங்களூரின் வறண்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சகஜம். சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து பிடித்து உச்சியில் தண்ணீர் தெளிக்கிறோம். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நின்றுவிட்டது போலத் தோன்றும். உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரலால் இறுகப் பிடித்து, வாயால் மூச்சுவிட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்கவில்லை, அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர், அல்லது பிடித்திருந்தும் தொண்டைக்குள் ஓடுகிறது என்றால் கிளம்புங்கள். பதின்வயதுப் பையனுக்கு ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் உள்ளே ஒரு கட்டி இருக்கலாம். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே ஏதோ போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

கிரிக்கெட் பந்து மூக்கில் பட்ட பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது அதிகம் பேருக்குத் தெரியாது. ரத்தம் நின்றுவிடும், எலும்பும் முறிந்திருக்காது. ஆனால் இரு பக்கமும் மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தால், நடுச்சுவரின் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தச் சுவரின் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய தோல்தான் உணவூட்டுகிறது. ரத்தக்கட்டு இரண்டையும் பிரித்துவிட்டால் சில நாள்களில் குருத்தெலும்பு கரைந்து, மூக்கின் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். அடிபட்ட ஓரிரு நாளுக்குள் ஒரு சின்னக் கீறலில் ரத்தத்தை வடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

இனி, எங்கே போவது என்ற கேள்வி. கர்நாடகத்தில் ஆரோக்கிய கவசம் என்ற பெயரில் 108 ஆம்புலன்ஸ் 2008 நவம்பரிலிருந்து ஓடுகிறது. விக்டோரியா, பவுரிங் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளும், குழந்தைகளுக்கென இந்திரா காந்தி மருத்துவமனையும், செயின்ட் ஜான்ஸ் போன்ற கல்லூரி மருத்துவமனைகளும் நகரில் உண்டு. ஆனால் “24 மணி நேர எமர்ஜென்சி” என்று பலகை வைத்திருக்கும் எல்லா இடத்திலும் நள்ளிரவில் ஈ.என்.டி. சர்ஜன் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மூன்று மருத்துவமனைகளுக்கு, எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு பகலில், போன் செய்யுங்கள். “குழந்தைக்கு ராத்திரியில் பிராங்காஸ்கோபி செய்வீர்களா? அதற்கு ஈ.என்.டி. டாக்டரும் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டரும் வருவார்களா? குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?” என்று கேளுங்கள். பதிலை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வாடகைக்கு இருக்கும் ஐ.டி. தம்பதிகள், ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து கன்னடம் தெரியாமல் தனியாக வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி, எல்லோருக்கும் அந்தக் காகிதம் தமிழில் இருக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியதும் இதே வேலைதான், பெரிய அளவில். எந்த மருத்துவமனையில் இன்றிரவு ஈ.என்.டி. சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் பணியில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், 108 கட்டுப்பாட்டு அறையின் திரையில் தினமும் மாலையில் புதுப்பிக்கப்பட வேண்டும். 2021 மே மாதம் சில நாள்களில் ஒரு மருத்துவமனையையே ஒரு நோய்க்காக மாற்றிக் காட்டிய நிர்வாகம் இது. ஒரு பட்டியலை அதனால் தயாரிக்க முடியும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நர்சரி பள்ளி ஆசிரியர்களுக்கும் முதுகில் ஐந்து தட்டு, நெஞ்சில் ஐந்து அழுத்து என்ற பயிற்சியை ஒரு மதியத்தில் பொம்மை வைத்துக் கற்றுக்கொடுத்துவிடலாம். அடுத்த கடலெக்காய் பரிஷேயில், நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு வேண்டாம், பொடித்துக் கொடுங்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் ஒலிபெருக்கியில் சொல்ல மாநகராட்சிக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.